அணையில் காலியாக விட்ட இடம்

மேட்டூர் 120 அடியைத் தொட்டால் எங்கள் குடும்பக் குழுவில் காலையிலிருந்தே படங்கள் வந்து விழும். பூத்தூவும் அதிகாரிகள், உபரிநீர்ப் போக்கியில் பொங்கி விழும் நுரை, பாலத்தில் நின்று படம் எடுக்கும் கூட்டம். 2018 ஜூலையிலும் அப்படித்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அணை நிரம்பியிருந்தது, டெல்டாவே மகிழ்ச்சியில் இருந்தது. அடுத்த மாதமே காட்சி மாறியது. குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழை கபினி, கிருஷ்ணராஜ சாகர் வழியாக வந்து சேர, ஏற்கெனவே நிரம்பியிருந்த மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் திறந்துவிட்டார்கள். திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத் தூண்கள் சரிந்தன, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடப் படுகையில் என் மாமா போட்டிருந்த வாழையும் போனது. அந்த வாரம் தொலைபேசியில் அவர் கேட்டார்: "வெள்ளம் வராம இருக்கத்தானே மாப்ள அணை கட்டுனாங்க? அணை நெறஞ்சதும் வெள்ளம் வருதுன்னா, அப்புறம் அது எதுக்கு?"

சமாதானமாக எதையாவது சொல்லி வைத்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. அணை என்றால் வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து என்று பள்ளிப் பாடத்தில் வரிசையாகப் படித்திருக்கிறோம். ஒரே சுவர், நான்கு நன்மை. நான்கும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொண்டு சேர்ந்தே கிடைக்கும் என்ற மாதிரியே அந்த வரிசை மனதில் தங்கிவிடுகிறது. மாமாவின் கேள்வி அந்த வரிசையைத்தான் உரசிப் பார்த்தது.

நாரிஸ் ஏரியின் செம்மண் கரை

பிறகு வேலைக்காக டென்னசியில், நாக்ஸ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்க நேர்ந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நாரிஸ் அணை. 1933 மே மாதம் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், அதாவது டிவிஏ, கட்டிய முதல் அணை அது. அதே ஆண்டு வேலை தொடங்கி 1936-ல் முடித்தார்கள். 265 அடி உயரம். பொருளாதார மந்தத்தில் நாடே முடங்கிக் கிடந்த காலத்தில் ஓர் அரசு அமைப்பு இந்த வேகத்தில் வேலை செய்ததை நினைத்தால் இப்போதும் மரியாதை வருகிறது.

நான் முதலில் போனது குளிர்காலத்தில். இரண்டு பக்கமும் காடு, நடுவில் நீலமான ஏரி என்று கோடைக்காலப் படங்களில் பார்த்திருந்தேன். நேரில் கண்டது வேறு. காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அகலமான செம்மண் பட்டை, மொட்டையாக, ஏரியைச் சுற்றி வளைந்து வளைந்து போனது. சில வீடுகளின் படகுத்துறைகள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. இந்த ஆண்டு வறட்சியோ என்று கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "வறட்சியெல்லாம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவர்களே இறக்கிவிடுவார்கள். ஜனவரிக்குள் இடம் காலியாக வேண்டும்" என்றார். தெரு விளக்கு எப்போது எரியும் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். மாமாவின் கேள்விக்கான பதில் அங்கேதான் கிடைத்தது.

டென்னசி ஆற்றில் பெருவெள்ளம் வருவது பெரும்பாலும் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். செடிகள் உறங்கும் காலம், மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும், பெய்வதெல்லாம் ஓடி ஆற்றுக்கு வந்துவிடும். ஆகவே கோடையில் கடல்மட்டத்துக்கு மேல் 1,020 அடி வரை நிற்கும் நாரிஸ் ஏரி, ஜனவரி ஒன்றாம் தேதிக்குள் சுமார் 20 அடி கீழே இறக்கப்படுகிறது. மற்ற கிளையாற்று அணைகளிலும் இதே முறைதான். பெருமழை வந்தால் அந்த இடம் நிரம்பும். மழை விட்டு, கீழே ஆறு வடிந்ததும் மெல்லத் திறந்துவிட்டு மறுபடி காலி செய்துவிடுவார்கள், அடுத்த மழைக்காக. வெள்ளத்தைத் தாங்குவது அந்தச் செம்மண் பட்டைதான். கான்கிரீட் சுவர் அந்த இடத்தை உண்டாக்கித் தருகிறது, அவ்வளவே.

இதன் பலனைப் பார்க்க, ஆற்றோடு கீழே சட்டனூகாவுக்குப் போக வேண்டும். மலைகளுக்கு நடுவே ஆறு நெருக்கிப் பிழிந்துகொண்டு போகும் இடத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் நகரம், வெள்ளத்துக்கென்றே அமைந்ததுபோல. 30 அடியிலேயே அங்கே வெள்ள நிலை தொடங்கிவிடும். 1867-ல் ஆறு ஏறக்குறைய 58 அடிக்கு வந்தது. 1973 மார்ச்சில் மறுபடி ஒரு பெருமழை. அப்போது 36.9 அடியோடு நின்றது. அணைகள் இல்லாதிருந்தால் 52 அடியைத் தாண்டியிருக்கும் என்பது டிவிஏவின் கணக்கு. அந்தப் பதினைந்து அடி வித்தியாசமும், மேலே பல ஏரிகளில் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சேறாகக் கிடந்த கரைகளின் பலன்.

மூன்று வேலை, ஒரே தண்ணீர்

வெள்ளத் தடுப்பு, மின்சாரம், படகுப் போக்குவரத்து என்ற டிவிஏவின் மூன்று வேலைகளில் மிகவும் அமைதியானது கடைசியானது. நாக்ஸ்விலில் தொடங்கும் டென்னசி ஆறு 652 மைல் ஓடி பதூகாவில் ஒஹையோ ஆற்றில் சேர்வதற்குள் 500 அடிக்கும் மேல் இறங்குகிறது. நடுவே அலபாமாவில் மசல் ஷோல்ஸ் என்ற பாறைத் துள்ளல்கள், படகுகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் தடையாக இருந்தவை. முதன்மை ஆற்றின் குறுக்கே ஒன்பது அணைகளை நிறுத்தி, ஆற்றைப் படிக்கட்டு ஏரிகளாக மாற்றினார்கள். ஓர் அணையின் தேக்கம் மேலே உள்ள அடுத்த அணையின் அடிவாரம் வரை நிற்கும், எங்கும் குறைந்தது ஒன்பது அடி மிதவை ஆழம் கிடைக்கும். 1945-ல் இந்தப் பாதை முழுமையடைந்தது.

படிக்குப் படி ஏற லாக் என்ற கதவுத் தொட்டிகள். லெனாயர் சிட்டி பக்கம் ஃபோர்ட் லவுடன் அணையில் இதை நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். தெப்பப்படகு தொட்டிக்குள் வந்ததும் கீழ்க்கதவு மூடும். மேல் ஏரியின் தண்ணீர் அடிக் குழாய் வழியாகத் தானே வந்து நிரம்பும். பம்பு கிடையாது, வெறும் மட்ட வித்தியாசம்தான் வேலை செய்கிறது. சுமார் எழுபது அடி மேலே வந்ததும் மேல்கதவு திறக்கும், படகு புறப்பட்டுவிடும்.

இந்தப் போக்குவரத்துக்குப் பெரும் ஏற்ற இறக்கம் ஆகாது. ஏரிகள் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் படகு தரைதட்டும். மின்சாரத்துக்கோ ஏரி எவ்வளவு உயரமோ அவ்வளவு லாபம். ஒரே அளவு தண்ணீர், அதிக உயரத்திலிருந்து விழுந்தால் அதிக மின்சாரம். வெள்ளத் தடுப்புக்கு ஏரி காலியாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே தண்ணீரிடம் மூன்று விதமாகக் கேட்கின்றன. டிவிஏ பொறியாளர்கள் இதைப் பங்கு பிரித்துத் தீர்த்தார்கள். முதன்மை ஆற்று அணைகள் மட்டத்தைப் பெரிதாக மாற்றாமல் படகுகளுக்கு ஆழம் கொடுக்கும், ஓடும் நீரில் மின்சாரமும் எடுக்கும். நாரிஸ், ஃபான்டானா போன்ற கிளையாற்று அணைகள் பருவத்துக்கு ஏற்ப நிறைந்து குறையும். இலையுதிர் காலத்தில் இடத்தைக் காலி செய்யும்போது வெளியேறும் தண்ணீர் வீணாவதில்லை. சுழலிகள் வழியாகப் போய், வரிசையாக ஒவ்வொரு அணையிலும் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுத்துவிட்டு, வறண்ட மாதங்களில் படகுப் பாதைக்கும் ஆழம் சேர்க்கும். முதன்மை ஆற்று ஏரிகளின் மட்டத்தைக் கோடையில் வாராவாரம் ஓர் அடி ஏற்றி இறக்கி, கரையோரம் கொசு முட்டையிடுவதைக் கெடுத்து மலேரியாவை அடக்கினார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய வியாதி அதுதான்.

ஆனால் பொறியாளர் திறமை மட்டும் போதாது. எது முதல் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். அமெரிக்காவில் அதை எழுத வைத்தது, வேடிக்கையான விதத்தில், மின்சாரக் கம்பெனிகளின் எதிர்ப்பு. அரசாங்கம் மின்சாரம் விற்கலாமா என்று அவை வழக்குக்கு மேல் வழக்குப் போட்டன. மாநிலங்களுக்கு இடையேயான வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு, படகு செல்லும் ஆறு அதில் அடங்கும். ஆகவே அணை கட்ட அரசியல் சட்டத்தில் கிடைத்த வலுவான பிடி அந்தப் படகுப் பாதைதான். 1935-ல் திருத்திய சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அணைகளை முதன்மையாகப் படகுப் போக்குவரத்துக்கும் வெள்ளக் கட்டுப்பாட்டுக்கும் இயக்க வேண்டும், அவற்றோடு ஒத்துப்போகும் அளவுக்கு மின்சாரம் எடுக்கலாம். அடுத்த ஆண்டே, மசல் ஷோல்ஸில் உள்ள வில்சன் அணையின் மின்சாரத்தை விற்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வழக்கிலிருந்து தப்பிக்க எழுதிய வரிசை, நடைமுறையில் காலியிடத்துக்குக் காவலாக நின்றுவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

காவல் ஏன் தேவை என்றால், காலியிடத்துக்கு வருமானம் கிடையாது. நிறைந்த தண்ணீருக்கு மின்சாரக் கட்டணம் உண்டு, வாய்க்கால் பாசனம் உண்டு, ஏரிக்கரை வீட்டுக்கு விலை உண்டு. வராத வெள்ளத்துக்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. டென்னசியிலேயே ஏரிக்கரைக்காரர்கள் கோடை மட்டத்தை இன்னும் சில வாரம் நீட்டுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தார்கள். 2004-ல் டிவிஏ விதிகளை மறுபரிசீலனை செய்து செப்டம்பர் தொடக்கம் வரை ஓரளவு நீட்டிக் கொடுத்தது. ஜனவரிக்குள் இறக்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.

டிவிஏவின் முதல் தலைவர் ஆர்தர் மார்கன் இந்த ஆபத்தை முன்பே அறிந்தவர். 1913-ல் ஒஹையோவின் டேட்டன் நகரம் மூழ்கி, சுற்றுவட்டாரத்தில் 360 பேருக்கு மேல் இறந்த பிறகு, அங்கே ஐந்து அணைகள் கட்டியவர் அவர். அவை நாம் அறிந்த அணைகள் மாதிரியே இல்லை. அடியில் நிரந்தரத் திறப்பு, மதகு கிடையாது, சுழலி கிடையாது. சாதாரண நாளில் ஆறு பாட்டுக்கு அந்தத் துளை வழியாகப் போகும், அணைக்குப் பின்னால் விவசாயம் நடக்கும். பெருமழையில் மட்டும், துளை விழுங்க முடியாத தண்ணீர் பின்னால் தேங்கும், பிறகு தானே வடிந்துவிடும். நள்ளிரவில் எந்த அதிகாரியும் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. 1922 முதல் அந்த அணைகள் டேட்டனைக் காத்துவருகின்றன. ஒரே வேலைக்கான அணையில் காலியிடத்தை யாரும் கைவைக்க முடியாது. பல வேலை அணையில் அதை விதியால்தான் காப்பாற்ற வேண்டும்.

தாமோதரில் எடுக்காத நிலம்

இந்த டிவிஏவைப் பார்த்து நம் நாட்டில் எழுந்ததுதான் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம். 1943 ஜூலையில், போருக்கும் பஞ்சத்துக்கும் நடுவே, தாமோதர் ஆறு கரையை உடைத்துக்கொண்டு கல்கத்தாவின் ரயிலையும் சாலையையும் துண்டித்தது. இயற்பியலாளர் மேகநாத் சாகா போன்றவர்கள் டிவிஏ வழியை வற்புறுத்தினார்கள். டிவிஏவிலிருந்தே வூர்டுவின் என்ற பொறியாளர் வந்து திட்டம் வரைந்தார். விநாடிக்குப் பத்து லட்சம் கன அடி வெள்ளம் வந்தாலும் தாங்கும்படி எட்டு அணைகள் என்பது அவர் எண்ணம். 1948-ல் கழகம் சட்டமானது. அந்தச் சட்டம் பணிகளை வரிசைப்படுத்தும்போது பாசனமும் குடிநீரும் முதலில், மின்சாரம் அடுத்து, வெள்ளக் கட்டுப்பாடு மூன்றாவது, படகுப் போக்குவரத்து அதற்கும் பிறகு. பட்டியலில் பின்னால் வருவதாலேயே முக்கியம் குறைந்துவிடாது, சரி. ஆனால் எது எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வாக்கியம் அங்கே இல்லை.

கழகம் கட்டியது நான்கு: திலையா, கோனார், மைத்தான், பஞ்சேத். கடைசியானது 1959-ல். மைத்தானிலும் பஞ்சேத்திலும் வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய மேல்மட்டம் வரை நிலம் முழுக்கக் கையகப்படுத்தப்படவில்லை. சுவர் அந்த உயரத்துக்கு நிற்கிறது. தண்ணீரை அந்த உயரத்துக்கு நிறுத்தினால் மேலே உள்ள ஊர்கள் நனையும். அதனால் காகிதத்தில் உள்ள இடம் மழை நாளில் கிடைப்பதில்லை. இருக்கும் இடத்திலும் ஆண்டாண்டாக வண்டல் படிகிறது. கழகமோ காலப்போக்கில் நிலக்கரி மின்சார நிறுவனமாக வளர்ந்துவிட்டது. நீர்மின்சாரம் 150 மெகாவாட்டுக்கும் குறைவு, அனல்மின்சாரம் 6,000 மெகாவாட்டுக்கு மேல். துர்காபூரிலிருந்து ஹூக்ளி நதிக்குப் படகு விடுவதற்காக வெட்டிய கால்வாயில் பாசன நீர் ஓடுகிறது, படகுகள் ஓடவில்லை.

கீழே இன்னொன்றும் நடந்தது. சிறு வெள்ளங்கள் வராமல் போனதும் ஆறு தன் தடத்தைத் தானே அரித்துச் சுத்தம் செய்துகொள்வது நின்றது, மணல் மேடிட்டது, படுகையில் வீடும் வயலும் ஏறின. இப்போது முன்பைவிடக் குறைந்த தண்ணீர் வந்தாலே கானாகுல், உதயநாராயண்பூர், ஆம்தா மூழ்குகின்றன. 1978, 2000, 2017 என்று வந்து 2024 செப்டம்பரில் மறுபடி. மனிதர் உண்டாக்கிய வெள்ளம் என்று மேற்கு வங்க அரசு கழகத்தைச் சாடியது, எல்லோரும் இருந்து முடிவெடுத்ததுதான் என்று மத்திய அரசு பதில் சொன்னது. அணையைத் திறந்த நேரம் பற்றியே சண்டை. நிரப்பாமல் விட்டிருக்க வேண்டிய இடம் எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு.

நிலத்தை எடுக்காதது தவறு என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நாரிஸ் ஏரிக்காக ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் வெளியேறின. 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். லாய்ஸ்டன் என்ற ஊரே தண்ணீருக்கடியில் போயிற்று. நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது, குத்தகைக்கு உழுதவர்களுக்கு அதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. சட்டனூகாவின் பதினைந்து அடியை வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். தாமோதரில் அப்படி எடுக்காமல் விட்டதால் மேலே சில ஊர்கள் பிழைத்தன, அந்தச் சுமை கீழே ஹூக்ளி, ஹௌரா மாவட்டங்களின் தலையில் இறங்கியது. காலியிடம் எங்கோ யாரோ ஒருவரின் வயல். அதை வாங்குவதென்றால் முழு விலை கொடுத்து, குத்தகைக்காரரையும் கணக்கில் சேர்த்து வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் கீழே இருப்பவரிடம் பாதுகாப்பு உண்டு என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றையாவது நேர்மையாகச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

மேட்டூர்க் கணக்கு

அப்படியானால் மேட்டூரைக் காலியாக வைத்திருக்க வேண்டுமா? டெல்டாக்காரன் என்ற முறையில் அதை நான் கேட்க மாட்டேன். மேட்டூர் பாசனத்துக்காக நிற்கும் அணை. ஜூன் 12-ல் திறப்பதா இல்லையா என்பதில் குறுவையின் உயிர் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேலே வரும் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால், பிறகு கேட்டுப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வரும் மாதமும் சேமிக்க வேண்டிய மாதமும் ஒன்றாக இருப்பது நம் பிரச்சினை. டென்னசியில் மழைக்காலம் கழிந்த பின் வசந்தத்தில் நிரப்பிக்கொள்ளலாம், பக்கத்து மாநிலத்தோடு வழக்கும் இல்லை.

ஆனால் கணக்கைத் தெரிந்துவைத்திருக்கலாம். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி, ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 2018 போல இரண்டு லட்சம் வந்தால் நாளைக்கு 17 டிஎம்சிக்கு மேல். மேட்டூரின் மொத்தக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. முழுக் காலியாக இருந்தாலே அந்த வெள்ளத்தை ஐந்து நாளைக்குச் சற்று மேல்தான் தாங்கும். பத்து டிஎம்சி இடம் இருந்தால் பதினான்கு மணி நேரம். நிரம்பியிருந்தால் வருவது அப்படியே போகும். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிரம்பிய அணையிடம் வெள்ளத் தடுப்பை எதிர்பார்ப்பதில்தான் சிக்கல்.

அந்தப் பதினான்கு மணி நேரம்கூடச் சிறிய விஷயம் இல்லை. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழியத் தொடங்கிய பிறகு மேட்டூருக்குத் தண்ணீர் வந்து சேர நேரம் பிடிக்கும், தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்துகொண்டும் இருக்கிறார்கள். மேலே இரண்டு அணையும் நிறைந்து, மழை நீடிக்கும் என்ற முன்கணிப்பும் இருந்தால், 120 அடிக்குக் காத்திராமல் சில அடி முன்பே இறக்கத் தொடங்கலாம். ஆகஸ்ட் நடுவில் இறக்கிய சில அடி அப்படிப்பட்ட ஆண்டில் சில நாளில் திரும்பி வந்துவிடும். சுரங்க மின்நிலையம் வழியாகவே இறக்கினால் மின்சாரமும் கிடைக்கும். அதற்கு ஓர் எழுதிய விதி வேண்டும், யாரும் பார்க்கும்படி. மேலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கும் பொறியாளர் மேல் அந்தப் பொறுப்பைச் சுமத்தக் கூடாது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து சென்னை மூழ்கிய 2015 டிசம்பர் இரவை மறக்காதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொள்ளிடத்தையும் அதன் வேலைக்கே விட்டுவைக்க வேண்டும். காவிரியின் வெள்ளத்தைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போவதுதான் அந்த ஆற்றின் பங்கு, மேட்டூருக்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே. படுகையில் ஓராண்டுப் பயிர் வைக்கலாம், வாழை வைத்தால் ஆபத்தை அறிந்து வைக்க வேண்டும், வீடு கட்டக் கூடாது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, வாழைக்குப் பதில் என்ன போடுவது, அதற்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்று நெடுநேரம் பேசினார். நியாயமான கேள்விகள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். நீர்வரத்து, வெளியேற்றம், நீர்மட்டம், இருப்பு என்று நாளிதழ்கள் தினமும் மேட்டூர் நிலவரம் போடுகின்றன. அதோடு ஐந்தாவதாக ஓர் எண்ணையும் போடலாம்: அன்றைய நீர்வரத்தில் இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு அணையில் இடம் இருக்கிறது என்று. எல்லா விவரமும் நீர்வளத் துறையின் அதே தாளில் இருக்கிறது, ஒரு வகுத்தல் போதும். ஆகஸ்டில் அந்த எண் முப்பதுக்குக் கீழே வந்தால், திருச்சியிலிருந்து கீழே கரையில் இருப்பவர்கள் மோட்டாரையும் மாட்டையும் மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள்.